எந்த டெர்மினலைத் திறப்பது: மைக்ரோகன்ட்ரோலர் ஆய்வக ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாலிடெக்னிக்குகளிலும் பொறியியல் கல்லூரிகளிலும் மைக்ரோகன்ட்ரோலர், எம்பெடட் ஆய்வகங்களை நடத்தும் ஆசிரியர்களுக்கு,

கோவையில் ஒரு சிறிய தொழிற்கூடத்தில் எலக்ட்ரானிக் போர்டுகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். உங்களிடம் படித்த பிள்ளைகள் பயிற்சிக்காக எங்களிடம் வருகிறார்கள். நிரல் எழுதச் சொன்னால் எழுதுகிறார்கள், சர்க்யூட்டைப் படிக்கிறார்கள், கேட்ட கேள்விக்குத் தெளிவாகப் பதில் சொல்கிறார்கள். ஆனால் கேபிளைச் செருகி, போர்டு சீரியல் வழியாக என்ன சொல்கிறது என்று பார்க்கச் சொன்னால் பலர் அப்படியே நின்றுவிடுகிறார்கள். காரணம் கேட்டால் கையேட்டைக் காட்டுகிறார்கள். அதில் ஹைப்பர்டெர்மினலின் மெனு படங்கள் வரிசையாக இருக்கின்றன. கையிலிருக்கும் மடிக்கணினியிலோ விண்டோஸ் 11 அல்லது உபுண்டு. ஒருசிலரிடம் மேக்.

ஹில்கிரேவ் என்ற நிறுவனம் எழுதிய ஹைப்பர்டெர்மினல், விண்டோஸ் 95 முதல் எக்ஸ்பி வரை விண்டோஸோடு சேர்ந்தே வந்தது. 2007-ல் விஸ்டா கடைக்கு வந்தபோது அது நீக்கப்பட்டிருந்தது. அதற்குப் பின் வந்த எந்த விண்டோஸிலும் அது இல்லை. கையேட்டில் மட்டும் இருப்பதால் பிள்ளைகள் பழைய எக்ஸ்பி கணினியிலிருந்து அந்தக் கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்து ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறார்கள். உரிமப்படி அது தவறு. அதைவிட, கைமாறிக் கைமாறி வந்த ஓர் இயங்கு கோப்பை எதையும் சரிபார்க்காமல் இயக்கும் பழக்கத்தை ஆய்வகமே கற்றுக்கொடுப்பதாகிவிடுகிறது. கையேட்டிலிருந்து அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு என்ன வைக்கலாம் என்று சொல்லத்தான் இந்த மடல்.

‘விண்டோஸுக்கு எது, லினக்ஸுக்கு எது’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: கேபிளின் மறுமுனையில் என்ன இருக்கிறது?

8051, அர்டுயினோ, எஸ்டிஎம்32 போன்ற ஒரு மைக்ரோகன்ட்ரோலர் சென்சார் அளவுகளை வரிவரியாக அனுப்பிக்கொண்டிருக்கலாம். அப்போது நமக்கு வேண்டியது பைட்டுகளை உள்ளபடி காட்டும் கருவி. எழுத்தாகவும் காட்டவேண்டும், ஹெக்ஸாகவும் காட்டவேண்டும். நேரத்தோடு கோப்பில் பதியவேண்டும். மறுமுனையில் ராஸ்பெர்ரி பையோ ரவுட்டரின் கன்சோல் போர்ட்டோ இருந்தால் கதை வேறு. அது 1978-ல் டெக் நிறுவனம் வெளியிட்ட விடி100 டெர்மினலோடு பேசுவதாக நினைத்துக்கொண்டு பேசுகிறது. கர்சரை நகர்த்து, திரையைத் துடை, நிறத்தை மாற்று என்றெல்லாம் எஸ்கேப் குறிகளை அனுப்புகிறது. அந்தக் குறிகளைப் புரிந்துகொள்ளும் மென்பொருள் இல்லையென்றால் திரை முழுக்கச் சதுர அடைப்புக்குறிகளும் எண்களும்தான் கொட்டும். எமுலேஷன் என்று சொல்வது இந்த இரண்டாவது வேலையை. முதல் வேலைக்கு அது தேவையே இல்லை. இந்த வேறுபாட்டை முதல் வகுப்பிலேயே சொல்லிவிட்டால், மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும் குழப்பத்தில் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிடும்.

விண்டோஸில் பெரும்பாலோர் புட்டியைத்தான் எடுக்கிறார்கள். சைமன் டேத்தம் எழுதியது, இலவசம், ஒற்றைக் கோப்பாகவே இயங்கும், எமுலேஷனும் தரமானது. 2007-ல் வந்த 0.59 பதிப்பிலிருந்து சீரியல் இணைப்பும் அதில் உண்டு. ரவுட்டர் கன்சோலுக்கு அது போதும். ஆனால் கோப்பு அனுப்பும் வசதி இல்லை, ஹெக்ஸ் காட்சியும் இல்லை. கேபிளைப் பிடுங்கிச் செருகினால் இணைப்பை நாம்தான் மறுபடி தொடங்கவேண்டும். ஆய்வகத்தில் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம் என்பது உங்களுக்கே தெரியும். அதனால் விண்டோஸுக்கு நான் டெரா டெர்மைத்தான் சொல்வேன். 1990-களில் ஜப்பானில் தெரானிஷி எழுதியது, இப்போது திறந்த மூல மென்பொருளாகத் தொடர்ந்து வளர்ந்துவருகிறது. பதிவுக் கோப்பில் ஒவ்வொரு வரிக்கும் நேரம் போடும். எக்ஸ்மோடம், ஒய்மோடம், இசட்மோடம், கெர்மிட் எல்லாம் உண்டு. மேக்ரோ எழுதி ஒரே சோதனையைத் திரும்பத் திரும்ப ஓட்டலாம். உற்பத்திச் சோதனையில் இருப்பவர்களுக்கு அந்த மேக்ரோ ஒன்றே போதும், அதை விட்டு வேறெங்கும் போகமாட்டார்கள். பைட்டுகளை ஹெக்ஸில் நோண்டிப் பார்க்கவேண்டிய நாளில் ரியல்டெர்ம் கைகொடுக்கும். பார்க்கப் பழைய மாதிரி இருந்தாலும் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும்.

லினக்ஸில் மென்பொருளைவிட அனுமதிதான் முதல் தடை. போர்ட்டைத் திறக்க அனுமதி இல்லை என்று வந்தவுடன் பிள்ளைகள் சூடோ போட்டு ஓட்டிவிடுகிறார்கள். அந்தப் பழக்கம் வேண்டாம். டெபியனிலும் உபுண்டுவிலும் பயனரை டயல்அவுட் குழுவில் ஒருமுறை சேர்த்து, வெளியேறி மறுபடி நுழைந்தால் போதும். ஆர்ச் லினக்ஸில் அந்தக் குழுவின் பெயர் யூயூசிபி. இன்னொரு தொல்லை உபுண்டு 22.04-ல் வந்தது. சிஎச்340 சிப் உள்ள கேபிளைச் செருகினால் போர்ட் தோன்றிய கணமே மறைந்துவிடும். பார்வையற்றோர் பயன்படுத்தும் பிரெய்ல் திரைக்கான பிஆர்எல்டிடிஒய் என்ற சேவை, அந்தச் சிப்பின் அடையாள எண்ணைப் பார்த்துப் பிரெய்ல் கருவி என்று எடுத்துக்கொள்வதால் வரும் சிக்கல் அது. அந்தச் சேவையையே நீக்கிவிடு என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உங்கள் வகுப்பில் பிரெய்ல் திரை பயன்படுத்தும் மாணவர் இருந்தால் தயவுசெய்து நீக்காதீர்கள். அந்த ஒரு சிப்புக்கான யூடெவ் விதியை மட்டும் முடக்கினாலே இரண்டு தரப்புக்கும் வேலை நடக்கும்.

லினக்ஸில் மினிகாம் பழையது, எங்கும் கிடைப்பது, விடி102 எமுலேஷனைத் தானே செய்வது. ஆனால் புதிதாக வருபவரைத் தடுக்கிவிடும் ஓர் அமைப்பு அதில் இருக்கிறது. ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் பொதுவாக இயக்கப்பட்டே இருக்கும். நம் கேபிளில் அனுப்பு, பெறு, கிரவுண்ட் என்று மூன்றே கம்பிதான். போர்டு அனுப்புவது திரையில் தெரியும். நாம் தட்டுவது மட்டும் போகாது. மாணவர் போர்டைச் சந்தேகிப்பார், பிறகு தன் நிரலைச் சந்தேகிப்பார், பிறகு நாள் போய்விடும். மினிகாமைக் கையேட்டில் வைக்கிறீர்கள் என்றால் ஃப்ளோ கன்ட்ரோலை அணைக்கவேண்டும் என்ற ஒரு வரியைத் தடித்த எழுத்தில் அச்சிடுங்கள்.

ஸ்கிரீன் கட்டளையைச் சொல்லித் தருபவர்கள் வெளியேறும் வழியையும் சேர்த்தே சொல்லவேண்டும். கன்ட்ரோல்-ஏ, பிறகு டி என்று தட்டினால் ஸ்கிரீன் பின்னணிக்குப் போய்விடும். போர்ட்டை விடாது. அடுத்து நிரலை ஏற்றப் போனால் கருவி வேறொருவரிடம் இருக்கிறது என்று பிழை வரும். கன்ட்ரோல்-ஏ, பிறகு கே என்பதுதான் முழுதாக மூடும் வழி. இதைவிட மோசமானது, லினக்ஸில் போர்ட்டைப் பூட்டாத இரண்டு நிரல்கள் ஒரே போர்ட்டைத் திறந்துவிட முடியும் என்பது. விண்டோஸ் அதை அனுமதிக்காது. லினக்ஸில் திறந்தால் வரும் எழுத்துகள் இரண்டுக்கும் பங்கு பிரிந்து போகும். பாதி இங்கே, பாதி அங்கே. இந்த அறிகுறியைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் பாட் விகிதத்தைத்தான் மாற்றிக்கொண்டிருப்பார்கள். பிக்கோகாம் போர்ட்டைப் பூட்டிவைத்துக்கொள்வதால் இந்தச் சிக்கலைத் தவிர்க்கும். சிறிய நிரல், கட்டளை ஒரே வரி, எமுலேஷனை நம் டெர்மினல் சாளரத்திடமே விட்டுவிடும். டியோ என்ற நிரலும் அதே வழியில் போவதுதான். கூடுதலாக, கேபிளைப் பிடுங்கினால் காத்திருந்து, செருகியதும் தானே இணைந்துகொள்ளும். லினக்ஸில் என் தேர்வு டியோதான். மேக்கிலும் அது இயங்கும்.

மேக் வைத்திருக்கும் மாணவர்களுக்கு ஒரே ஒரு விஷயம் தெரிந்தால் போதும். ஒவ்வொரு போர்ட்டும் அங்கே இரண்டு பெயரில் தெரியும், ஒன்று டிடிஒய் என்று தொடங்கும், மற்றது சியூ என்று தொடங்கும். டிடிஒய் பெயரில் திறந்தால் மோடத்தின் கேரியர் சிக்னலுக்காகக் காத்திருக்கும், நம் போர்டிலிருந்து அது வரவே வராது. சியூ பெயரை எடுக்கவேண்டும்.

விண்டோஸுக்குள் லினக்ஸை, அதாவது டபிள்யூஎஸ்எல்2 வைத்து வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். செருகிய யூஎஸ்பி கருவி அங்கே தானாகத் தெரியாது. யூஎஸ்பிஐபிடி என்ற துணை நிரல் வழியாக இணைக்கவேண்டும். அந்தச் சுற்றுவழி ஆய்வக நேரத்துக்கு ஒத்துவராது, நேரே விண்டோஸ் பக்கமே டெர்மினலைத் திறக்கச் சொல்லுங்கள்.

மூன்று இயங்குதளமும் கலந்திருக்கும் வகுப்புக்கு ஒரே படிமுறையை எழுதவேண்டும் என்பதுதான் உங்கள் உண்மையான சிக்கல் என்று எனக்குத் தெரியும். கையேட்டில் மூன்று விதமான படங்களைப் போட இடமில்லை. அதற்கு என் பதில் கூல்டெர்ம். ரோஜர் மையர் எழுதியது, விண்டோஸ், மேக், லினக்ஸ், ராஸ்பெர்ரி பை எல்லாவற்றிலும் ஒரே முகத்தோடு இயங்குகிறது. ஹெக்ஸ் காட்சி, நேரப் பதிவு, கோப்பில் சேமிப்பது, டிடிஆர், ஆர்டிஎஸ் கம்பிகளைப் பொத்தானால் ஏற்றி இறக்குவது எல்லாம் இருக்கிறது. டெர்மினல் எமுலேஷன் இல்லை. மைக்ரோகன்ட்ரோலர் பரிசோதனைகளுக்கு அது குறையே அல்ல. ரவுட்டர் கன்சோலுக்கு அதைப் பயன்படுத்தவேண்டாம். அது இலவசம், ஆனால் மூல நிரல் திறந்ததல்ல. கட்டற்ற மென்பொருள்தான் வேண்டும் என்று கொள்கை வைத்திருக்கும் கல்லூரிகளுக்குப் பைசீரியல் தொகுப்போடு வரும் மினிடெர்ம் இருக்கிறது. பைத்தான் இருக்கும் எந்தக் கணினியிலும் ஒரே கட்டளையில் திறக்கும், கன்ட்ரோலோடு வலது சதுர அடைப்பைத் தட்டினால் மூடும். அதே தொகுப்பை வைத்து மாணவர்களே பத்து வரியில் அளவுகளைப் பதியும் நிரல் எழுதிவிடலாம் என்பது அதன் பெரிய லாபம். இறுதியாண்டு புராஜெக்ட்டில் வரைபடம் போட யாராவது திணறினால் இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள்.

அர்டுயினோவின் சீரியல் மானிட்டர் போதாதா என்று கேட்பீர்கள். முதல் வாரத்துக்குப் போதும். எஸ்கேப் குறிகள் அதற்குப் புரியாது. அதைத் திறந்ததும் டிடிஆர் கம்பி அசைந்து அர்டுயினோ ஊனோ மறுதொடக்கம் ஆகும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இல்லையென்றால் தன் நிரல்தான் அடிக்கடி செத்துப் பிழைக்கிறது என்று மாணவர் நினைத்துக்கொள்வார். இஎஸ்பி32 போர்டுகளில் இது இன்னும் நுட்பமானது. அங்கே டிடிஆரும் ஆர்டிஎஸ்ஸும் சேர்ந்து சிப்பை ரீசெட் செய்யவும் நிரல் ஏற்றும் நிலைக்குத் தள்ளவும் பயன்படுகின்றன. சில டெர்மினல்கள் போர்ட்டைத் திறந்தவுடன் அந்தக் கம்பிகளை வைக்கும் விதத்தால் போர்டு பேசாமலே உட்கார்ந்துவிடும். அந்த இரண்டு கம்பிகளையும் நாம் விரும்பியபடி வைக்க விடாத மென்பொருளை இஎஸ்பி32 வகுப்பில் வைக்காதீர்கள்.

பாட் விகிதத்தைப் பட்டியலிலிருந்து மட்டும் எடுக்க விடும் மென்பொருளும் உதவாது. இஎஸ்பி8266 உயிர்பெற்றதும் தன் முதல் செய்திகளை 74880 என்ற வேகத்தில் அனுப்புகிறது. சிப்பின் உள் நிரல் 40 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டலுக்கு 115200 என்று கணக்குப் போடுகிறது. போர்டில் இருப்பதோ 26 மெகாஹெர்ட்ஸ். 115200-ஐ 26-ஆல் பெருக்கி 40-ஆல் வகுத்தால் 74880. 8051-க்கு ஏன் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிறிஸ்டல் போடுகிறோம் என்று நீங்கள் காலங்காலமாக நடத்திவரும் பாடத்துக்கு இதைவிட நல்ல தொடர்ச்சி எனக்குத் தெரியவில்லை. திரையில் குப்பை எழுத்து வந்ததும் வகுப்பையே நிறுத்தி இந்தக் கணக்கைப் போட வைக்கலாம்.

தமிழில் ஒரு சோதனையும் செய்துபாருங்கள். நிரலில் ‘வெப்பநிலை’ என்று எழுதி அனுப்பச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8-ல் ‘க’ என்ற ஓர் எழுத்தே ஈ0, ஏஈ, 95 என்று மூன்று பைட்டாகப் போகிறது. புள்ளியோ உயிர்க்குறியோ சேர்ந்தால் அது தனியாக இன்னும் மூன்று. டெர்மினல் யூடிஎஃப்-8 அமைப்பில் இல்லையென்றால் மூன்று தனித்தனிக் குறிகள் தெரியும், ஹெக்ஸ் காட்சியில் பார்த்தால் பைட்டுகள் சரியாகவே இருக்கும். வந்த தரவு வேறு, திரையில் தெரிவது வேறு என்பது பிள்ளைகளுக்குத் தம் மொழியிலேயே விளங்கிவிடும். எல்சிடியில் தமிழ் காட்டவேண்டும் என்று ஆசைப்படும் மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதுதான் முதல் படி.

கோப்பு அனுப்பும் வசதி பழங்கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எக்ஸ்மோடம் 1977-ல் வார்ட் கிறிஸ்டென்சன் எழுதியது. 128 பைட் துண்டுகளாக அனுப்பி ஒவ்வொன்றையும் சரிபார்க்கும். இன்றும் பல பூட்லோடர்கள் அதைத்தான் எதிர்பார்க்கின்றன. நம் சி-டாக்கின் வேகா செயலியில் அமைந்த ஏரிஸ் போர்டுகளிலும் எக்ஸ்மோடம் வழியாக நிரலை ஏற்றலாம். அங்கே கூல்டெர்ம் உதவாது. விண்டோஸில் டெரா டெர்ம், லினக்ஸில் மினிகாம் என்று போகவேண்டும். மினிகாமோடு எல்ஆர்இசட்எஸ்இசட் தொகுப்பையும் நிறுவவேண்டும், அனுப்பும் வேலையைச் செய்வது அதுதான்.

எந்த மென்பொருளாக இருந்தாலும், குறை சொல்லும் முன் கேபிளைச் சோதிக்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுங்கள். ஒன்பது முள் கனெக்டரில் 2-ஐயும் 3-ஐயும் ஒரு ஜம்பரால் இணைத்து, லோக்கல் எக்கோவை மூடிவிட்டுத் தட்டினால் தட்டியது திரும்பி வரவேண்டும். ஜம்பரை எடுத்தால் நிற்கவேண்டும். இது தேறினால் கணினியும் டிரைவரும் மென்பொருளும் கேபிளும் சரி, மீதி உள்ளது பாட் விகிதமும் போர்டு பக்கமும். கேபிள் வாங்கும்போது உள்ளே எந்தச் சிப் என்று கேட்டு வாங்குங்கள். 2014-ல் எஃப்டிடிஐ வெளியிட்ட விண்டோஸ் டிரைவர் போலிச் சிப்புகளின் அடையாள எண்ணைச் சுழியமாக மாற்றி, அவற்றைக் கணினி அடையாளம் காணாதபடி செய்துவிட்டது. எதிர்ப்பு வந்ததும் திரும்பப் பெறப்பட்டது. நேற்று வரை ஓடிய கேபிள் இன்று ஓடவில்லை என்றால் மென்பொருளை மாற்றி மாற்றி நிறுவிக்கொண்டிருக்கவேண்டாம், முதலில் டிவைஸ் மேனேஜரைப் பாருங்கள்.

மடிக்கணினி இல்லாத மாணவர்களை விட்டுவிட எனக்கு மனமில்லை. ஆண்ட்ராய்டு போனும் ஓர் ஓடிஜி கேபிளும் இருந்தால் சீரியல் யூஎஸ்பி டெர்மினல் என்ற செயலியில் இந்தப் பரிசோதனைகளில் பெரும்பகுதியைச் செய்துவிடலாம். எஃப்டிடிஐ, சிபி210எக்ஸ், சிஎச்340, பிஎல்2303 சிப்புகளை அது தானே கையாளும். எங்கள் கூடத்தில் வெளியூர் வேலைக்குப் போகிறவர்கள் மடிக்கணினியை வைத்துவிட்டுப் போனோடு மட்டும் போகும் நாட்கள் உண்டு. நிர்வாகி அனுமதி இல்லாத கணினிகளில் குரோமிலோ எட்ஜிலோ வெப் சீரியல் வழியாக இயங்கும் டெர்மினல் பக்கங்கள் கைகொடுக்கும். குரோமில் 2021-ல் வந்த 89-ஆம் பதிப்பிலிருந்து அந்த வசதி இருக்கிறது.

உங்களிடம் நான் கேட்பது இரண்டு. செய்முறைத் தேர்வில் ஒரு மென்பொருளின் மெனு வரிசையைக் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள். தன் கணினியில் போர்ட்டின் பெயரைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பாட் விகிதம் தவறினால் திரையில் என்ன தெரியும், வரி முடிவுக்கு சிஆர் மட்டும் அனுப்பினால் என்ன ஆகும், தட்டியது போகவில்லை என்றால் எங்கே பார்ப்பாய் என்று வைவாவில் கேளுங்கள். எந்த இயங்குதளத்தில் வந்தாலும் பதில் சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு மதிப்பெண் கொடுங்கள்.

இரண்டாவது, அடுத்த பருவம் தொடங்கும் முன் ஆய்வகக் கணினிகளைப் பார்த்துக்கொள்பவரிடம் ஓர் அரைநாள் கேட்டு வாங்குங்கள். லினக்ஸ் கணினிகளில் மாணவர் கணக்கை டயல்அவுட் குழுவில் சேர்க்கச் சொல்லுங்கள். விண்டோஸில் டெரா டெர்மும் கூல்டெர்மும், லினக்ஸில் கூல்டெர்மும் டியோவும் மினிகாமும் அதிகாரப்பூர்வப் பக்கத்திலிருந்தோ தொகுப்பு மேலாளரிலிருந்தோ நிறுவச் சொல்லுங்கள். எல்லாம் இலவசம், கொள்முதல் கோப்பு நகரவேண்டிய அவசியம் எதிலும் இல்லை.

அன்புடன்,
உங்கள் மாணவர்களோடு வேலை செய்யும் ஒருவன்